மேல்மலைக் கறுப்பு மண், கீழ்மலைச் செம்மண்: எதில் எதை நடலாம்?

பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் மேல்மலை மண் கறுப்பு. மக்கு (மட்கிய இலைதழை) நிறைய, பிடித்தால் பொலபொலவென்று உதிரும். பார்த்ததும் ஆசை வரும், ஆனால் புளிப்பு மண். போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். பயிருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். மண்ணைச் சோதித்து, தேவையான அளவு டோலமைட் சுண்ணாம்பை நடவுக்கு ஒரு மாதம் முன்பே போட்டுக் கொத்திவிடுங்கள். பூண்டு 15×10 செ.மீ. இடைவெளியில் அருமையாக வரும். அடுத்து உருளை என்றால் சுண்ணாம்பில் கை அடங்க வேண்டும். புளிப்பு மிகவும் குறைந்தால் கிழங்கில் சொறிநோய் ஏறும். உருளைக்குப் பின் உருளையும் வேண்டாம், வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு பெருகிவிடும்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு கீழ்மலையில் செம்மண். மக்கு குறைவு, கோடையில் சீக்கிரம் காயும், வடிகால் நல்லது. காபிக்கு 45 செ.மீ. குழி, சில்வர் ஓக் நிழல், அதில் மிளகுக்கொடி. மலைவாழைக்கு 3.6 மீட்டர் இடைவெளி விடுங்கள். கன்றை முடிக்கொத்து நோய் (உச்சி இலைகள் கொத்தாகக் குறுகும் வைரஸ் நோய்) இல்லாத தோட்டத்தில் மட்டுமே எடுங்கள். 1970-களில் இங்கே விருப்பாட்சி மலைவாழையை அழித்தது அந்த நோய்தான்.

பாசனமில்லாத சரிவு என்றால் கீழ்மலையின் மரநிழல் முறையே நல்லது. போகத்துக்குப் போகம் கொத்தும் காய்கறிக்காட்டில் ஒரு கனமழைக்கே மேல்மண் ஓடைக்குப் போய்விடும்.