வேடந்தாங்கலா, பழவேற்காடா?

சென்னையிலிருந்து ஒரே நாளில் பறவை பார்த்துவிட்டுத் திரும்ப இரண்டு இடங்கள் உண்டு. தெற்கே ஏறக்குறைய 75 கிலோமீட்டரில் வேடந்தாங்கல், வடக்கே 60 கிலோமீட்டருக்குள் பழவேற்காடு.

குழந்தைகளோடு போனால் நான் வேடந்தாங்கலையே சொல்வேன். கரையில் நடந்தாலே போதும், ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருப்பது தெரியும். ஜனவரியில் போனால் குஞ்சுகள் தாயின் அலகுக்குள் தலையை விட்டு இரை எடுப்பதைப் பைனாகுலரில் பார்க்கலாம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பறவைகளைக் காக்கிறார்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. எனக்கு அந்த ஊர்மேல் தனி மரியாதை. மழை பொய்த்த வருடம் மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பழவேற்காட்டில் பூநாரைகள் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும், பொறுமை வேண்டும். ஆனால் பழைய டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்! அப்புறம், மீன் சாப்பாடு. பெரியவர்கள் மட்டும் போவதென்றால், சரி, வடக்கே வண்டியைத் திருப்புங்கள்.