வாரியப் பள்ளியா, சார்ட்டர் பள்ளியா? நியூ ஆர்லியன்ஸ் அனுபவம்

அமெரிக்காவில் வாரியப் பள்ளி, சார்ட்டர் பள்ளி இரண்டுமே அரசுப் பணத்தில் நடப்பவை, இரண்டிலும் கட்டணம் கிடையாது. நிர்வாகம்தான் வேறு. வாரியப் பள்ளியில் ஆசிரியர் நியமனம், பேருந்து எல்லாம் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்தின் கையில். சார்ட்டரில் ஒரு தனி அமைப்பு ஒப்பந்தத்தின் பேரில் பார்த்துக்கொள்ளும்; தேர்ச்சி சரிந்தால் பள்ளியையே மூடலாம்.

2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு அங்குள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரம் படிப்படியாக ஏறக்குறைய முழுவதும் சார்ட்டருக்கு மாறியது. மதிப்பெண்கள் உயர்ந்தன, அது உண்மை. ஆனால் வேலை இழந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பிள்ளைகள் பலர் ஊரின் மறுகோடிக்குப் பேருந்தில் போக வேண்டியதாயிற்று. பெற்றோர் யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் எனக்கு வாரியமே மேல். 2018இல் மேற்பார்வை மாநில அரசிடமிருந்து உள்ளூர் வாரியத்துக்கே திரும்பியது. 2024இல் வாரியமே நேரடியாக ஒரு பள்ளியைத் தொடங்கியது.