பக்கக் கதவில் ஒரு பூட்டு: கும்பகோணத்தில் அம்மா வீட்டுக்குக் கேமரா வாங்கிய அனுபவம்

கடந்த டிசம்பரில் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தோம். திருச்சியில் இறங்கி, அங்கிருந்து காரில் கும்பகோணம். இந்த முறை கோயில் சுற்றும் திட்டம் இல்லை. அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்குக் கேமராவும் டிஜிட்டல் பூட்டும் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

காரணம் இரண்டு. ஆனி மாதம் ஒரு ராத்திரி கொல்லையில் இருந்த மோட்டாரின் வயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது போனால் போகட்டும். ஆவணியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். விடியற்காலை நாலரை மணி, கையில் போன் இல்லை. கூப்பிட்ட குரல் பக்கத்து வீட்டு அத்தைக்குக் கேட்டுவிட்டது. ஆனால் யாராலும் உள்ளே வர முடியவில்லை. வாசல் கதவிலும் உள்தாழ்ப்பாள், பக்கக் கதவிலும் உள்தாழ்ப்பாள். கடைசியில் அத்தையின் மகன் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து, கடப்பாரையால் பக்கக் கதவை நெம்பித் திறந்திருக்கிறார். அதுவரை அரை மணி நேரத்துக்கு மேல் அம்மா ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் இன்னும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சாவியே கிடையாது. கதவுக்கு ஒன்று, கேட்டுக்கு ஒன்று என்று இரண்டு டிஜிட்டல் பூட்டு. பழகிய அதே வகையை ஊரிலும் போட்டுவிடலாம் என்று, கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் ஒன்றை வாங்கி அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பொருத்திக் கொடுப்பது இலவசம் என்று போட்டிருந்தார்கள். பொருத்துபவர் வர மூன்று முறை தேதி மாறியது. நாலாவது நாள் வந்தவர் வாசல் கதவைப் பார்த்துவிட்டு நின்றார்.

எங்கள் வாசல் கதவு தாத்தா காலத்துத் தேக்கு. இரட்டைக் கதவு. நடுவில் நாதாங்கி, மேலும் கீழும் தாழ்ப்பாள். மழைக்காலத்தில் மரம் ஊதிக்கொண்டால் இடுப்பால் ஒரு தள்ளு தள்ளித்தான் சாத்த வேண்டும். இணையத்தில் விற்கும் பூட்டுகள் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர் கனமுள்ள ஒற்றைக் கதவுக்கானவை. பூட்டின் நாக்கு, கதவு நிலையில் உள்ள துளைக்குள் நேராகப் போய் உட்கார வேண்டும். கதவு ஒரு நூல் தூக்கினாலும் மோட்டார் திணறும், பேட்டரி சீக்கிரம் தீரும். அவர் அதையெல்லாம் சொல்லவில்லை. “உளி வெச்சு வெட்டிப் போட்டுடலாம் சார்” என்றார். அம்மா எழுந்து வந்து கதவின் மேல் கையை வைத்துக்கொண்டார். “இதுல உளி வைக்க வேணாம்ப்பா.” பூட்டைத் திருப்பி அனுப்பினோம். பணம் வந்து சேர இரண்டு வாரம் ஆனது.

அப்புறம் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அங்கிருந்து வீடு பார்க்க வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கொல்லை வரை ஒரு சுற்று நடந்துவிட்டுக் கேட்டார்: “ராத்திரி அம்மா எந்தெந்தத் தாழ்ப்பாளைப் போடுவாங்க சார்?”

எல்லாத் தாழ்ப்பாளையும் போடுவார். போடாமல் தூக்கம் வராது. அப்படியானால் வாசலில் எவ்வளவு விலை உயர்ந்த பூட்டைப் போட்டாலும், சிங்கப்பூரிலிருந்து நான் போனில் திறந்துவிட்டாலும், உள்தாழ்ப்பாள் விழுந்திருக்கும்வரை கதவு திறக்காது. இத்தனை மாதம் பூட்டுகளைப் பற்றிப் படித்த எனக்கு இது தோன்றவில்லை. அந்தத் தம்பிக்கு வீட்டைப் பார்த்த பத்து நிமிடத்தில் தோன்றியது. வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்குப் பூட்டு வாங்குகிற எல்லோரும் முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

அவர் சொன்ன வழி இது. தேக்குக் கதவை அப்படியே விட்டுவிடுவது, அம்மா வழக்கம்போல் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். அத்தை வீட்டைப் பார்த்து இருக்கும் பக்கக் கதவு ஒற்றைக் கதவு, ஃபிளஷ் டோர், ஏற்கெனவே தாழ்ப்பாள் உடைந்தது. டிஜிட்டல் பூட்டு அதில். அங்கே இனி உள்தாழ்ப்பாள் கிடையாது. சாத்தினால் பூட்டு தானாக விழும். உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் போதும், நெருப்பு, புகை என்றாலும் எண் எதையும் தேட வேண்டாம். சில பூட்டுகளில் உள்ளே ஒரு குமிழைத் திருகினால் வெளியிலிருந்து எந்த எண்ணுக்கும் திறக்காத வசதி உண்டு. அது தாழ்ப்பாளைப் போலத்தான் என்பதால் அது இல்லாத மாடலாகப் பார்த்து எடுத்தோம்.

கைரேகை வைக்கும் நேரம் வந்தது. அம்மா வலது ஆள்காட்டி விரலை வைத்தார், ஏற்கவில்லை. கட்டை விரல், ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், அப்போதும் சிவப்பு விளக்குதான். அந்த விரல்களை அன்றைக்குத்தான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். ஐம்பது வருடம் பாத்திரம் தேய்த்து, அரிவாள்மணையில் காய் நறுக்கி, ரேகை இருந்த இடம் வழவழப்பாகி, நடுவில் குறுக்குமறுக்காக மெல்லிய கீறல்கள். “ரேஷன் கடையிலயும் இப்படித்தான்ப்பா, நாலு தடவை வைக்கச் சொல்லுவான்” என்றார் சாதாரணமாக. வயதானவர்களுக்குப் பூட்டு வாங்கும்போது கைரேகையை நம்பி வாங்காதீர்கள். எண்பலகையும் அட்டையும் சாவித் துவாரமும் கட்டாயம் இருக்கட்டும். அம்மாவுக்கு, பூட்டில் காட்டினால் திறக்கும் ஒரு சின்ன வில்லை கொடுத்தார்கள், வீட்டுச் சாவிக் கொத்திலேயே தொங்குகிறது. அத்தைக்குத் தனி எண். நிஜச் சாவி ஒன்று அத்தை வீட்டு அலமாரியில்.

பூட்டுக்குள் நாலு ஏஏ பேட்டரி, ஆல்கலைன்தான் போட வேண்டும். மின்சாரம் போனாலும் பூட்டுக்கு ஒன்றும் ஆகாது. பேட்டரியே தீர்ந்துவிட்டால் வெளிப்பக்கம் அடியில் உள்ள துளையில் பவர் பேங்க்கைச் செருகித் திறக்கலாம். விலை 9,800 ரூபாய்.

கேமரா விஷயத்தில் முதலில் போன இன்னொரு கடையில் எட்டு வைஃபை கேமரா என்று எழுதிக் கொடுத்தார்கள். சிபி பிளஸ், ஹிக்விஷன் என்று கம்பெனிப் பெயர்கள் வரிசையாக வந்தன, எது எங்கே எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. குளத்துக்கரைத் தம்பி நாலு போதும் என்றார். வாசல், பக்கச் சந்து, கொல்லை, மோட்டார் ரூம். எங்கள் சுவர் ஒன்றரை அடி கனம், வைஃபை கொல்லையை எட்டவே எட்டாது. அதனால் எல்லாம் கேபிள்தான், நடுவில் காட்சிகளைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆர் பெட்டி. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி. நாலுக்கும் சேர்த்து 86. ஆக 1 டிபி டிஸ்க்கில் பதினோரு நாள் பதிவு இருக்கும், அதற்கு மேல் பழையது தானாக அழியும். எங்களுக்கு அது போதும். கூலி, வரி எல்லாம் சேர்த்து 19,400 ரூபாய். 2025 ஏப்ரலிலிருந்து சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பெட்டியில் உள்ள மாடல் எண் பில்லிலும் இருக்கிறதா என்று ஒத்துப்பார்த்து வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீடுதானே என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் இன்வெர்ட்டர் லைன் ஹால் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான் போயிருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை வந்தால் டிவிஆர் அணையும், இணையத்துக்கான ஃபைபர் பெட்டியும் அணையும். இரண்டையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. கேமரா பொருத்துபவர் இதைச் செய்ய மாட்டார், நாம்தான் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்தத் தம்பியோடு கொஞ்சம் அழுத்திப் பேச வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் டிவிஆரைத் தன் போனிலேயே பதிவு செய்துகொண்டு, எனக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் தந்தார். “சர்வீஸுக்கு ஈசியா இருக்கும் சார், எல்லா வீட்டுக்கும் இப்படித்தான்.” அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் என் அம்மா வீட்டு வாசல் இன்னொருவர் போனில் இருக்கக் கூடாது. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே போய் விற்பனையானதை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பெட்டியை முழுதாக அழித்து என் பெயரிலேயே திரும்பப் பதிந்து கொடுத்தார். கடவுச்சொல்லை நானே போட்டேன்.

ஹாலிலும் ஒன்று வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். மறுபடி விழுந்தால் தெரியுமே என்ற பயம் எனக்கு. “நான் புடவைத் தலைப்பை எடுத்துப் போட்டுட்டு ஃபேனுக்கு அடியில படுத்திருப்பேன். அதை உன் போன்ல பார்க்கணுமா?” என்றார். வைக்கவில்லை. பக்கச் சந்துக் கேமராவில் அத்தை வீட்டுக் கிணற்றடியும் தெரிந்தது. அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைத்து, அத்தையையே கூப்பிட்டுத் திரையில் காட்டினோம்.

முதல் ராத்திரியே கேமராவுக்கு முன் ஏதோ அசைகிறது என்று என் போன் நாற்பது முறை அடித்தது. எழுந்து பார்த்தால், லென்ஸுக்கு முன்னால் ஒரு சிலந்தி வலை பின்னிக்கொண்டிருந்தது. கேமராப் பக்கம் பூச்சி வருகிறது, பூச்சிக்குச் சிலந்தி வருகிறது. இருட்டில் படம் எடுக்கக் கேமராவில் இருக்கும் அகச்சிவப்பு விளக்கு பட்டு, திரையில் ஒவ்வொரு இழையும் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. கேமராவிலிருந்து ஆறடி தள்ளி ஒரு எல்இடி பல்பு போட்டு, அகச்சிவப்பை அணைத்ததும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. வாரம் ஒரு முறை நீளத் துடைப்பத்தால் தட்டவும் வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். மெயினை அணைத்தோம். அம்மா குளியலறைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அத்தையைக் கூப்பிட்டார். அத்தையின் மகன் ஓடி வந்து எண்ணை அழுத்தினார், திறக்கவில்லை. முதலில் உள்ளங்கையால் பலகையைத் தொட்டு விளக்கு எரிந்த பிறகுதான் எண் போட வேண்டும், பதற்றத்தில் மறந்துவிட்டார். இரண்டாம் முறை கூப்பிட்ட குரலிலிருந்து குளியலறைக் கதவுவரை முப்பத்தைந்து நொடி.

“அத்தை ஒரு தடவை பண்ணிப் பார்க்கட்டும்” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அவன் அன்னிக்கு ஊர்ல இல்லன்னா?”

அத்தை கண்ணாடியை எடுத்துவர வீட்டுக்குப் போனார்.