அம்மாவின் மறதியும் தோபாயோ சின்சேயும்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இம்முறை சிங்கப்பூர் சென்றபோது, அம்மாவின் மறதிக்கு அண்டை வீட்டுச் சீனப் பாட்டி சொல்லிவந்த மூலிகைகளைப் பற்றி முறையாக விசாரித்துவிட விரும்பினேன். சீன வைத்தியம் எங்களுக்குப் புதியதன்று. 1867-இல் தொடங்கப்பட்ட தோங் சாய் மருத்துவ நிலையம் இனமும் சமயமும் பாராமல் இலவசமாக வைத்தியம் பார்த்துப் பெயர் பெற்றது. சுளுக்கென்றால் சின்சே எனப்படும் சீன வைத்தியரிடம் ஓடாத தமிழ்க் குடும்பம் எங்கள் புளோக்கில் இருந்ததில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் பதிவு பெற்றவர்களே இத்தொழிலைச் செய்ய முடியும் என்பதால், வைத்தியரின் பெயரை இணையத்திலுள்ள பதிவேட்டில் சரிபார்த்த பிறகே தோபாயோவிலுள்ள ஒரு சிகிச்சை நிலையத்துக்கு அம்மாவை அழைத்துச் சென்றோம்.

வரிசை எண் வாங்கிக் காத்திருந்த நேரம் அதிகம். ஆனால் உள்ளே அவசரமே இல்லை. நடுத்தர வயதுப் பெண் வைத்தியர் இரு கை நாடியையும் நாக்கையும் பார்த்துவிட்டு, தூக்கம், மலச்சிக்கல் என்று கேட்டுக்கொண்டே வந்து, மருத்துவமனை மாத்திரைகள் அனைத்தையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். மறதிக்கான டோனெபெசில் அவற்றில் இருந்தது. பாட்டி சொன்ன சியென் செங் தா மூலிகையிலுள்ள ஹுபெர்சின் ஏ என்னும் பொருளும், டோனெபெசிலைப் போலவே, மூளையில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது; இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு அளவுக்கு மீறிக் குறையலாம் என்று கூறி, அதை அவர் மறுத்துவிட்டார்.

கிங்கோ என்னும் மரத்தின் இலை மருந்தைப் பற்றியும் கேட்டேன். அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேருக்கு நாளுக்கு இருமுறை 120 மில்லிகிராம் கிங்கோ இலைச் சாற்றையோ மருந்தில்லாத போலி மாத்திரையையோ கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு, அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-இல் அறிவித்ததை முன்பே படித்திருந்தேன். அவரும் அதை அறிந்திருந்தார். அம்மா ஆஸ்பிரினும் சாப்பிடுவதால் இரத்தக்கசிவு அபாயத்தையும் சேர்த்துச் சொன்னார். சரக்கை விற்கும் இடத்தில் இவ்வளவு நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை.

அவருடைய மரபில் மறதிக்குப் பழைய மருந்து, ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவின் நூலில் உள்ள கைஷின் சான். ஜின்செங், ஃபூ லிங், யுவான் ஜி, ஷீ ச்சாங் பூ ஆகிய நான்கும் சேர்ந்தது அது. சிறுநீரகத்தின் சாரமே மஜ்ஜையாகி மூளையை நிரப்புகிறது, மனம் இதயத்தில் குடியிருக்கிறது என்பது அவர்கள் கோட்பாடு. எலிகளின் கற்றல் திறன் இச்சரக்குகளால் மேம்பட்டதாகக் காட்டும் சோதனைகள் நிறைய உண்டு. மனிதரிடம் செய்தவை பெரும்பாலும் சிறியவை, அவற்றை நம்பி நான் பணம் செலவழிக்க மாட்டேன். ஷீ ச்சாங் பூவை முகர்ந்து பார்த்த அம்மா, "இது நம்ம வசம்பாச்சே!" என்று மகிழ்ந்துபோனார். இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள்தாம். ஆனால் இரண்டிலும் காணப்படும் பீட்டா அசரோன் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியிருப்பதால், நெடுநாள் உட்கொள்வது நல்லதன்று.

மருத்துவமனை மருத்துவரின் கடிதம் இல்லாமல் எதையும் எழுதித் தர முடியாதென்று கூறி, வைத்தியர் ஆலோசனைக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அக்காள் மகனுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியதால், அருகிலிருந்த சீன மருந்துக்கடைக்கும் போனோம். கோழிச் சாற்றுப் புட்டிகளுக்குப் பக்கத்தில் 'மூளை' மாத்திரைகள் அடுக்கியிருந்தன. விற்பனையாளர் பையனின் வயதையோ அவன் வேறு மருந்து சாப்பிடுகிறானா என்பதையோ கேட்காமல் இரண்டு பெட்டிகளை எடுத்து நீட்டினார். நள்ளிரவுவரை துணைப்பாட வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைக்கு வேண்டியது தூக்கம் என்று நான் அக்காளிடம் சொல்லிப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தேன். அக்காள் கோழிச் சாற்றை மட்டும் விடவில்லை.

சிகிச்சை நிலையத்தில் எனக்கிருந்த குறை மொழிதான். விளக்கத் தாள்கள் எல்லாம் சீனத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தன; வைத்தியரும் அம்மாவும் பாசார் மலாய் என்னும் பேச்சுவழக்குச் சந்தை மலாயில் ஓரளவு சமாளித்தார்கள், நுணுக்கமானவற்றை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. தனியாக வரும் தமிழ் மூதாட்டி என்ன செய்வார் என்று முன்பதிவு மேசையில் கேட்டேன். உடன் யாரையாவது அழைத்து வரச் சொல்வதாகப் பதில் வந்தது.