ஊர்ப் பெயரோடு அரிசி விற்கும் கடை

திருத்துறைப்பூண்டிப் பகுதி உழவர்கள் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்து நடத்தும் அரிசிக் கடையில்தான் எங்கள் வீட்டுக்கான அரிசியை வாங்கி வருகிறோம். அரிசி நன்றாக இருக்கிறது. அந்தத் தரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொன்னால்தான் இந்தக் கடையைப் பற்றி முழுமையாகச் சொன்னதாகும்.

ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் தைத்த நூலோடு ஓர் அட்டை தொங்குகிறது. நெல் விளைந்த ஊர், விதைத்த பட்டம், ரகம், அரைத்த தேதி ஆகியவை அதில் பேனாவால் எழுதப்பட்டிருக்கின்றன. ஒருமுறை தூயமல்லி என்ற பாரம்பரிய ரக அரிசியில் நொய் அதிகமாக இருப்பதாகச் சொன்னேன். கல்லாவில் இருந்த அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, அந்த ஊர் உழவரையே கைபேசியில் அழைத்தார். "மழைக்குப் பயந்து கடும் வெயில்ல ஒரே மூச்சா காய வச்சுட்டோம் அக்கா, அதான் அரவையில ஒடஞ்சிருக்கு. அடுத்த தடவை ஆற வச்சு ஆற வச்சுக் காய வைக்கிறோம்" என்றார் அவர். அடுத்து அவர் களத்திலிருந்து வந்த மூட்டையில் நொய் வெகுவாகக் குறைந்திருந்தது.

வழக்கமான அரிசி வணிகத்தில் இந்த உரையாடலுக்கு இடமே இல்லை. கொள்முதல் நிலையத்தில் உழவருக்குத் தெரிவது ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதா என்பது மட்டுமே. அரசுக்குப் புழுங்கல் அரிசி அரைத்துத் தரும் ஆலைக்குத் தெரிவது 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி என்ற கணக்கு. வாங்குபவருக்குத் தெரிவது வெண்மையும் விலையும். 1911இல் அமெரிக்கப் பொறியாளர் பிரடெரிக் டெய்லர் தொழிற்சாலைக்கு வகுத்த முறை, திட்டமிடுபவர் வேறு, செய்பவர் வேறு என்று வேலையைத் துண்டாடியது. நம் வயலும் ஆலையும் கடையும் ஒன்றையொன்று அறியாமல் பிரிந்து நிற்பதும் அந்தச் சிந்தனையின் நீட்சிதான் என்று நான் கருதுகிறேன். 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால ரகங்கள் பரவியதற்கு உணவுப் பற்றாக்குறை என்ற நியாயமான காரணம் இருந்தது. அதைக் குறை சொல்வது நன்றியற்ற செயல். ஆயினும் பசி தணிந்த பிறகும் மகசூல் ஒன்றையே அளவுகோலாக வைத்துக்கொண்டதால், பல பாரம்பரிய ரகங்கள் வயலை விட்டே போயின.

அவற்றை மீட்டவர்களில் முதன்மையானவர் திருத்துறைப்பூண்டி அருகே உள்ள ஆதிரெங்கத்தைச் சேர்ந்த நெல் ஜெயராமன். அவர் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை பெற்றவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. பணம் கைமாறாமல் விதை பெருகிய அந்த முறையின் தொடர்ச்சியாகவே இந்தக் கடையைப் பார்க்கிறேன். 2003இல் நடைமுறைக்கு வந்த கம்பெனிச் சட்டத் திருத்தத்தின்படி, உழவர்களே உறுப்பினராக உள்ள இத்தகைய நிறுவனத்தில் பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். ஆகவே அரைமா நிலம் உள்ளவரும் விலை நிர்ணயத்தில் பேச முடிகிறது.

குறைகளும் உண்டு. விலை வெளிச் சந்தையைவிடக் கூடுதல்; அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது இன்னும் எட்டாத கடை என்பது எனக்கு உண்மையான வருத்தம். நொய்யையும் இட்லி அரிசியையும் அவர்கள் குறைந்த விலைக்குத் தருவது ஓரளவே ஈடாகும். தவிடு நீக்காத அரிசி விரைவில் வண்டு பிடிக்கும், சிக்கு வாடையும் வரும் என்பதை முதல் முறை வாங்குபவருக்குக் கடைக்காரர்களே எடுத்துச் சொல்ல வேண்டும்.

அட்டையில் அரைத்த தேதியைப் பார்த்து, ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். மாப்பிள்ளைச் சம்பா ஏறத்தாழ 160 நாள் பயிர் என்பதால் தை அறுவடைக்குப் பிறகே புது நெல் வரும். வேண்டுவோர் மார்கழியிலேயே சொல்லி வைப்பது நல்லது.