வீட்டை இப்போதே எழுதிக் கொடுப்பதா, மரண சாதனத்தில் வைப்பதா?

திருகோணமலைப் பாலையூற்றில் ஓர் அம்மா, கணவர் காலமாகி ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னர், ஓட்டுக் கூரையைத் திருத்துவதற்காக வீட்டை ஈடு வைத்து வங்கிக் கடன் எடுக்கப் போனார். வீட்டின் உரிமைப் பத்திரமான உறுதியைப் புரட்டிப் பார்த்த அலுவலர், ‘பிள்ளைகள் எல்லாரும் ஒப்பமிடுவார்களா?’ என்று கேட்டார். வீடு கணவரின் பெயரில் இருந்தது. அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. அப்படியான இடத்தில் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தானே பங்கு பிரித்துவிடுகிறது: துணைக்கு அரைவாசி, பிள்ளைகளுக்கு மறு அரைவாசி. நான்கு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு, அதுவும் எந்த அறை யாருடையது என்று சொல்ல முடியாத பிரிபடாத பங்கு. ஒரு மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். இன்னொருவர் தாயுடன் பேசுவதில்லை.

எதையும் எழுதாமல் விடுவதும் ஒரு தெரிவுதான், ஆனால் அந்தத் தெரிவில் முடிவெடுப்பது நாமல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கு குடியேறிய குடும்பங்களில் சில, யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை தமக்குப் பொருந்துமா என்று தனியாகக் கேட்டறிய வேண்டும். முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பங்கீடு வேறு. திருகோணமலைத் தமிழர் பெரும்பாலோருக்கு மேற்சொன்ன பொதுச் சட்டமே பொருந்துகிறது.

எழுதுவது என்று தீர்மானித்தவர்கள் முன் இருப்பவை பெரும்பாலும் இரண்டு: சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அங்கே வாழும் உரிமையை, வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி முடிப்பது, அல்லது மரண சாதனம் (உயில்) எழுதுவது. நம் பகுதியில் முன்னதே வழக்கம்; மகளின் கலியாணத்தோடு வீடு சீதனமாகப் போவதால், நன்கொடை உறுதி எழுதாத தகப்பனை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். அதன் பெரும் பலம், பெற்றோரின் மறைவுக்குப் பின்னர் அந்த வீட்டுக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை என்பது. உறுதி முடிக்கும் அதிகாரமுள்ள நொத்தாரிசின் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிட்டு, பெறுபவர் அதை ஏற்றுக்கொண்டு, காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டால் உரிமை மாறிவிடுகிறது. செலவு முன்கூட்டியே வருகிறது: வழமையான வீதப்படி, நன்கொடைக்கு முதல் 50,000 ரூபாவுக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 2 சதவீதமுமாக, ஒரு கோடி ரூபா பெறுமதியான வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 200,500 ரூபா.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கொடுத்ததை இலேசில் மீளப் பெற முடியாது. மீளப்பெற முடியாதது என்று எழுதப்பட்ட நன்கொடையைப் பெரும் நன்றிகேட்டின் பேரில் நீக்குவதற்கு 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும். பெற்ற மகள் மீது தாய் வழக்குத் தொடர்வதை நம் ஊரில் நினைத்துப் பார்க்கவே கூசும். இதைவிடக் கசப்பான ஒன்றைப் பலர் யோசிப்பதேயில்லை: தாய்க்கு முன்னர் மகள் எதையும் எழுதி வைக்காமல் மரணமானால், அந்த வீட்டின் அரைவாசி மருமகனுக்குப் போகும். அவர் மறுமணம் செய்துகொண்டாலும் அந்தப் பங்கு அவருடையதே. சீவிய உரித்து என்ற வரி உறுதியில் இருந்தால் தாய் கடைசிவரை அங்கே குடியிருக்கலாம். அந்த வரி விடுபட்டுப்போன உறுதி ஒன்றை உப்புவெளியில் நானே கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் மறந்தாரா, எழுதச் சொன்னவர் கேட்கவில்லையா என்பது தெரியவில்லை. ஒப்பமிடுமுன் அந்தப் பந்தியை உரத்து வாசிக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மரண சாதனம் இந்த ஆபத்துகளிலிருந்து காக்கிறது, ஏனெனில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அது வெறும் தாள். நாளை மனம் மாறினால் வேறொன்று எழுதலாம். மகள் முந்திவிட்டால் பேத்திக்கு மாற்றலாம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசோடு இரண்டு சாட்சிகள் ஒரே வேளையில் அங்கிருக்க வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். எழுதிய பின்னர் திருமணம் செய்தால் பழைய சாதனம் செல்லாது என்பதைத் துணையை இழந்து மறுமணம் செய்வோர் கவனிக்க வேண்டும். குறை, செலவும் அலைச்சலும் பிள்ளைகள் தலையில் விழுவது: மாவட்ட நீதிமன்றத்தில் மரண சாதன வழக்கு, பத்திரிகை அறிவித்தல், தவணைமேல் தவணை. மனக்கசப்புள்ள பிள்ளை ஒருவர் இருந்தால் அது ஆண்டுக் கணக்கில் இழுபடும்.

ஆகவே என் எண்ணம்: குடியிருக்கும் ஒரே வீட்டை உயிரோடிருக்கும்போதே கைமாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. சீதனமாக ஏற்கெனவே மகள் வாழும் வீட்டுக்கு நன்கொடை உறுதி பொருந்தும். தாய் தகப்பன் வாழும் வீட்டுக்கு மரண சாதனமே பொருந்தும். பிள்ளைகள் வெளிநாட்டுப் பிரசைகள் ஆகிவிட்டார்கள் என்ற பயம் இதில் வேண்டாம். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், நெருங்கிய உறவினருக்கு மரபுரிமையாகவோ நன்கொடையாகவோ மரண சாதனத்தாலோ போவதை விலக்கி வைத்திருக்கிறது.

வங்கிப் பணத்துக்கு இரண்டும் வேண்டாம். கணக்கில் பின்னுரித்தாளரை, அதாவது தமக்குப் பின்னர் பெறுபவரை, குறித்துவிட்டால் போதும்.

கந்தளாய், அல்லைப் பக்கத்துப் பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணிகள், வேறு கதை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவற்றை உறுதிக் காணிபோல் விருப்பத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது. பின்னுரித்தாளரை நியமித்து, உரிமையாளர் உயிரோடிருக்கும்போதே பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் காணி எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரிபடாமல், சட்ட அட்டவணை சொல்லும் ஒருவரிடம் போகும். 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை அந்த வரிசையில் ஆண்களுக்கே முதலிடம்.

பாலையூற்று அம்மா தம் அரைப் பங்குக்கு மரண சாதனம் எழுதிவிட்டார். கடனுக்கு ரொறன்ரோ மகனின் அற்றோணித் தத்துவம் வந்து சேர்ந்திருக்கிறது. பேசாத மகனின் ஒப்பம் இன்னும் வரவில்லை. கூரையில் இப்போதைக்குத் தறப்பாள்தான்.