தங்கச் சில்லில் குறையில்லை, எதிர்ப்பொருளைப் பார்த்து வாங்குங்கள்

மூலக்கூறுகள் தங்கப் பரப்பில் பிணைவதை ஒளியைக் கொண்டு அளக்கும் பரப்புப் பிளாஸ்மான் ஒத்திசைவு முறையில் இயங்கும் பயோசென்சாருக்கான, டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருள் பூசிய தங்கச் சில்லைச் சில மாதங்கள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிமனுள்ள தங்கப் படலத்தின் மேல் கார்பாக்சில் தொகுதிகளைத் தாங்கிய டெக்ஸ்ட்ரான் இழைகள் இருப்பதால், எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிஜென் எனப்படும் குறிப்பிட்ட இலக்கு மூலக்கூறைப் பற்றும் புரதத்தை, அதில் பிணைக்கும் வேலை சிக்கலின்றி முடிகிறது. உறையில் அச்சிட்டுள்ள 'மீண்டும் பயன்படுத்தலாம்' என்ற சொற்களைத்தான் நிதானித்துப் படிக்க வேண்டும்: முந்தைய சுற்றில் பிணைந்த ஆன்டிஜென் விலகினால்தான் சில்லை மீண்டும் பயன்படுத்த முடியும்.

நான் முதலில் ஏற்றியது மிக இறுகப் பற்றும் எதிர்ப்பொருள். மாதிரியை நிறுத்தி பிஎச்சை மாறாமல் காக்கும் வெறும் தாங்கல் கரைசலை ஓடவிட்டபோதும், பிணைந்த அளவைக் காட்டும் வரைகோடு இறங்கவே இல்லை. விடுபடும் வேகம் நொடிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால், பிணைந்தவற்றில் பாதி விலகவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். பிஎச் 2 கிளைசின் அமிலத்தை 30 நொடி செலுத்தியதும் கோடு சட்டென விழுந்தது. ஆனால் கழுவக் கழுவ அடுத்த சுற்றின் உச்சம் தாழ்ந்துகொண்டே வந்தது. அமிலம் ஆன்டிஜெனை மட்டுமன்றி எதிர்ப்பொருளின் மடிப்பையும் குலைக்கிறது. எதிர்ப்பொருளை நிமிர்த்திப் பிடிக்கும் புரோட்டீன் ஏ என்ற பாக்டீரியப் புரதம் பூசிய பரப்பையும் முயன்றேன். அங்கே அமிலம் எதிர்ப்பொருளையே கழற்றிவிடுவதால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஏற்ற வேண்டியதாயிற்று.

பிறகு, நொடிக்கு நூறில் ஒரு பங்கு வேகத்தில் விடுபடும் எதிர்ப்பொருளுக்கு மாறினேன். பாதி விலக 70 நொடியே போதும் என்பதால் அமிலமே தேவைப்படவில்லை. சமநிலையை எட்டும் வேகம் பற்றும் வேகத்தையும் விடும் வேகத்தையும் கூட்டியே அமைவதால், செறிவு ஏறினாலும் இறங்கினாலும் உணரி உடனுக்குடன் காட்டியது. இதற்கு விலை உண்டு: பற்றும் வேகம் மாறாதிருக்க விடும் வேகம் மட்டும் நூறு மடங்கு கூடினால், 1 நானோமோலார் செறிவில் பாதி நிரம்பிய பரப்புக்கு 100 நானோமோலார் வேண்டியிருக்கும். மிகக் குறைந்த செறிவை அளப்போருக்கு இது ஒத்துவராது.

பிணைப்பிடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்து வடிவமைத்து, பிஎச் 7.4-இல் பற்றி 6-க்குக் கீழே விடும் எதிர்ப்பொருள்களே இந்தச் சில்லுக்குப் பொருத்தமான துணை என்பது என் கணிப்பு. மென்மையான கழுவலே அவற்றுக்குப் போதும்.

சில்லுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருகிறேன். எதிர்ப்பொருளை விற்ற நிறுவனத்தின் தரவுத்தாளில் பிணைப்பு வலிமை மட்டுமே இருந்தது. விடுபடும் வேகத்தை நானே அளந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.